முட்டுக்கட்டை போடும் நேரம்: சேலம் 1882 முதல் வ.களத்தூர் வரை

கல்லங்குறிச்சித் தேரோட்டத்தில் நான் நிற்க விரும்பும் இடம் சக்கரத்துக்குப் பக்கம். வடம் பிடிக்கிற கூட்டம் முன்னால் இருக்கும்; 'கோவிந்தா' என்ற குரல் அங்கேதான் எழும்பும். சக்கரத்தருகே சத்தம் குறைவு. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் குனிந்தபடியே தேரோடு நடப்பார்கள். கையில் ஒரு முனை சீவிய, ஆப்பு போன்ற மரக்கட்டை. கண் சக்கரத்தை விட்டு நகராது. தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அதற்கேற்ற சக்கரத்தின் கீழ் கட்டையைச் செருகுவார்கள். சக்கரம் வந்து சேர்வதற்கு முன்பே வைத்துவிட்டால் தேர் சொன்னபடி கேட்கும். ஒரு கணம் பிந்தினால் கட்டை நசுங்கும், வைத்தவன் கையும் நசுங்கும். தேர் தன் போக்கில் போய் யாருடைய வீட்டுத் திண்ணையிலாவது இடிக்கும்.

அந்தத் தேரில் வரும் கலியுக வரதராசப் பெருமாள் அரியலூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு மிக நெருக்கமானவர். கருவறையில் இருப்பது பன்னிரண்டு அடி உயரக் கல் கம்பம். அதன் அடியில் அனுமன். காணாமல்போன பசு அந்தக் கம்பத்தருகே கிடைத்த கதையை எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளும் சொல்லும். விளைச்சலில் ஒரு பங்கைத் தானியமாகக் கொண்டுவந்து கொட்டுகிற வழக்கம் இன்றும் இருக்கிறது. ராமநவமியை ஒட்டி நடக்கும் இந்தத் திருவிழாவில் தேருக்குப் பக்கவாட்டில் போலீஸ் அதிகாரிகள் நடப்பார்கள். வருவாய்த் துறைக்காரர்கள் நடப்பார்கள். எந்தத் தெரு, எத்தனை மணி, எங்கே நிறுத்தம் என்பதெல்லாம் முன்பே பேசி முடிவானவை. இதை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்காமல் இருக்க முடிவதே ஊர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்நாட்டு ஊர்களில் ரத்தம் சிந்திய கலவரங்கள் பலவற்றின் வேரைத் தேடிப் போனால், ஒரு தெருவில் போய் நிற்கும். யார் அந்தத் தெருவில் நடக்கலாம், யாருடைய சாமி அதில் வரலாம், எந்த வாசலுக்கு முன்னால் மேளம் அடங்க வேண்டும், யாருக்குக் கோயில் வாசல் திறக்கும் என்ற கேள்விகள். அந்தக் கேள்விகளுக்கு அரசு என்ன பதில் சொன்னது, எப்போது சொன்னது என்பதைத்தான் இங்கே பார்க்க நினைக்கிறேன். பல நாளாக இதைப் படித்ததில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. கலவர நாளில் அதிகாரிகள் செய்தது எப்போதும் இரண்டாவது கேள்விதான். அதற்கு முந்தைய மாதங்களில் அவர்கள் என்ன உத்தரவு போட்டார்கள், எதைப் போடாமல் விட்டார்கள் என்பதே முதல் கேள்வி. நம் வரலாற்று நூல்கள் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதையே எழுதுகின்றன.

பழைய ஏற்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். அரியலூர், உடையார்பாளையம், துறையூர்ப் பாளையக்காரர்கள் இருந்த காலத்தில் ஊர்க்காவல் அவர்கள் கையில் இருந்தது. காவலுக்கு ஈடாக ஊரார் தானியமாகவோ பணமாகவோ கொடுத்தார்கள். திருட்டுப் போனால் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும் என்பது வழக்கம். நல்லதும் கெட்டதும் கலந்த ஏற்பாடு அது. காவல்காரரே மிரட்டிப் பணம் பறித்ததும் உண்டு. 1801-இல் கர்நாடகப் பகுதி கம்பெனி ஆட்சிக்குள் வந்தது. அதே ஆண்டில் பாளையக்காரர்களின் கடைசிப் போர் அடக்கப்பட்டு, மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதம் வைத்திருப்பது குற்றமாயிற்று. 1816-இல் வந்த ஒழுங்குமுறைச் சட்டங்கள் கிராம முன்சீப்பு, தாசில்தார், கலெக்டர் என்ற வரிசையில் போலீஸ் அதிகாரத்தை ஏற்றி வைத்தன. வரி வாங்குகிறவரே குற்றவாளியையும் பிடித்தார். அவரே மாஜிஸ்திரேட்டாகவும் உட்கார்ந்தார். இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 1855-இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு எழுதி வைத்தது. வரி பாக்கிக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் சாதாரண ஜனங்களை அடித்ததும் வதைத்ததும் அந்த அறிக்கையில் பதிவாயின. அதன் பின்விளைவுதான் 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம். வரி வசூலிலிருந்து பிரித்த, சீருடை அணிந்த மாகாணப் போலீஸ் அதில்தான் பிறந்தது. அந்தச் சட்டம் தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம் என்ற பெயரில் இன்றும் நம்மிடம் இருக்கிறது. 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டம், 1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம். சட்டவிரோதக் கூட்டம் என்றால் என்ன, கலைந்து போகச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, எப்போது ஆயுதம் எடுக்கலாம் என்பவற்றுக்கெல்லாம் எழுத்தில் விடை கிடைத்தது.

ஆக, 1880 வாக்கில் ஒரு மாவட்டத் தலைநகரில் கலவரம் வந்தால் அதைக் கையாளப் போலீஸ் இருந்தது, சட்டம் இருந்தது, மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றம் இருந்தது. இதே நூற்றாண்டின் முன்பாதியில் பிரிட்டனிலேயே பல ஊர்களுக்கு இந்த வசதி கிடையாது. வேல்ஸில் மெர்தர் டிட்வில் என்று ஓர் ஊர். இரும்பு உருக்காலைகளால் வீங்கிப்போன ஊர். 1831 ஜூனில் கூலிக் குறைப்பும், கடன் நீதிமன்றம் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ததும் சேர்ந்து தொழிலாளர்களைத் தெருவுக்கு இழுத்தன. ஜப்தியான கட்டில், பீரோக்களைக் கூட்டமாகப் போய் மீட்டு உரியவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த ஊரில் சொல்லிக்கொள்ளும்படி போலீஸ் இல்லை. மாஜிஸ்திரேட்டுகள் ஒரு விடுதியில் உட்கார்ந்துகொண்டு ராணுவத்தை அழைத்தார்கள். கலைந்து போகும்படி எச்சரிக்கும் சட்ட அறிவிப்பு ஆங்கிலத்திலும் வேல்ஸ் மொழியிலும் வாசிக்கப்பட்டது. பிறகு துப்பாக்கிச் சூடு. குறைந்தது 16 பேர் செத்தார்கள். ரிச்சர்ட் லூயிஸ் என்ற 23 வயதுச் சுரங்கத் தொழிலாளியை, ஒரு சிப்பாயைக் குத்தினான் என்று கார்டிஃபில் ஆகஸ்ட் 13-இல் தூக்கிலிட்டார்கள். அவன் குற்றவாளி அல்ல என்று பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனுவை உள்துறை அமைச்சர் மெல்போர்ன் ஏற்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வேறொருவர் மரணப் படுக்கையில், குத்தியது நான்தான் என்று ஒப்புக்கொண்டார் என்ற செய்தி வந்தது. வேல்ஸ்காரர்கள் அவனை டிக் பெண்டெரின் என்ற பெயரில் இன்றும் நினைக்கிறார்கள்.

அதே வேல்ஸில் பத்து வருஷத்துக்குள் இன்னொரு கதையும் நடந்தது. சுங்கச்சாவடிகளின் கட்டணத்தைத் தாங்க முடியாத குடியானவர்கள் இரவில் பெண் வேடமிட்டு வந்து சாவடிக் கதவுகளை உடைத்தார்கள். ரெபேக்கா கலவரம் என்று அதற்குப் பெயர். அங்கேயும் ராணுவம் வந்தது, வழக்குகள் வந்தன. ஆனால் கூடவே ஒரு விசாரணைக் குழுவும் வந்தது. ஊர் ஊராகப் போய், சாவடிக் கட்டணம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டது. 1844-இல் புதுச் சட்டம் கட்டணத்தைச் சீர்படுத்தியது. அதே அரசு ஓரிடத்தில் குற்றவாளியைத் தேடியது. இன்னோரிடத்தில் காரணத்தையும் தேடியது. இந்த இரண்டு அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு சேலத்துக்கு வருவோம்.

சேலம் அப்போதே பெரிய ஊர். நெசவும் வியாபாரமும் செழித்த ஊர். செவ்வாய்ப்பேட்டை, கோட்டை, குகை, அம்மாப்பேட்டை என்று பகுதிக்கு ஒரு மாரியம்மன். ஆடி மாதம் ஊர் முழுக்கத் திருவிழா. அங்கே சாமி ஊர்வலம் போகும் சாலையோரத்தில் ஒரு மசூதி எழுந்தது. மசூதிக்கு முன்னால் மேளதாளம் போகலாமா கூடாதா என்பது சண்டை. இரண்டு தரப்பாரும் தங்கள் பக்கத்தில் நியாயம் இருப்பதாக மனதார நம்பினார்கள். வழிவழியாக வந்த பாதை இது என்றார்கள் ஒரு தரப்பார். தொழுகை நேரத்தில் அமைதி வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். இப்படிப்பட்ட ஒரு விஷயத்தில் ஊர்க்காரர்களுக்கு அதிகாரிகளிடமிருந்து வேண்டியது ஒன்றே ஒன்று: இன்றைக்கும் நாளைக்கும் மாறாத ஒரு விதி. அது கிடைக்கவில்லை. கலவரத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தகராறு மாஜிஸ்திரேட்டுகளின் மேசைக்கும் நீதிமன்றத்துக்கும் போய்விட்டது. ஒவ்வொரு திருவிழாவும் புதுப் பரீட்சையாக மாறியது. போன தடவை யாருக்கு அனுமதி கிடைத்தது என்பது வெற்றி தோல்விக் கணக்காயிற்று.

1882 ஆகஸ்டில் ஊர் வெடித்தது. கூட்டம் மசூதியை இடித்தது. வீடுகள் தாக்கப்பட்டன, உயிர்கள் போயின. சிறுபான்மையாக இருந்த முஸ்லிம்கள்தான் பெரிதும் அடி வாங்கினார்கள். இதை எந்தச் சமாதானமும் சொல்லி மழுப்பக் கூடாது. தெருவின் உரிமை பற்றிய வாதத்தில் இந்துக்கள் பக்கம் எவ்வளவு சட்டம் இருந்திருந்தாலும், அன்று நடந்தது குற்றம். தன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கிய குடும்பத்துக்கு மேளத்தின் சட்டம் எதற்கு?

அதன் பிறகு அரசு செய்ததுதான் சேலத்தைத் தென்னிந்தியாவின் அரசியல் வரலாற்றில் எழுதி வைத்தது. அப்போது சென்னை கவர்னர் கிராண்ட் டஃப். தெருவில் நின்று கல் எறிந்தவன் யார் என்ற கேள்வியோடு நிற்காமல், இவ்வளவு பெரிய காரியத்தைப் படித்தவர்கள் தூண்டாமல் இந்த ஜனங்கள் செய்திருக்க முடியுமா என்று யோசித்தது அவருடைய அரசாங்கம். அந்த யோசனை ஒரு பெயரில் வந்து நின்றது: சி. விஜயராகவாச்சாரியார். செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூரில் 1852-இல் பிறந்தவர், சேலத்தில் வக்கீல், அந்த வருஷம்தான் நகராட்சி மன்ற உறுப்பினர் ஆகியிருந்தார். கலவரத்தைத் தூண்டியதாக அவர்மேல் வழக்கு. பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை. கலவர வழக்குகளில் தண்டனை பெற்ற வேறு பலர் அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். நகராட்சி உறுப்பினர் பதவியையும் அரசு பறித்தது.

அவர் பணிந்து போகவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். எர்ட்லி நார்ட்டன் அவருக்காக வாதாடினார். நார்ட்டன் ஆங்கிலேயர், தன் இனத்து ஆட்சியை எதிர்த்து இந்தியருக்காகக் குறுக்கு விசாரணை செய்வதில் பேர் வாங்கியவர். தண்டனை ரத்தாயிற்று. அதோடு நிற்காமல், விசாரிக்காமல் என்னைப் பதவியிலிருந்து நீக்கியது எப்படிச் செல்லும் என்று பிரிட்டிஷ் அரசின் இந்திய மந்திரி மீதே உரிமையியல் வழக்குப் போட்டார். அதை நடத்தியவர் பாஷ்யம் ஐயங்கார். 1884-இல் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு எளிமையானது: ஒருவரைத் தவறு செய்தார் என்று பதவியிலிருந்து நீக்குவதானால், அவர் பக்கத்தைக் கேட்காமல் நீக்க முடியாது, கவர்னரின் சபைக்கும் இது பொருந்தும். பதவி திரும்பக் கிடைத்தது. நஷ்ட ஈடு நூறு ரூபாய்.

அந்த நூறு ரூபாயை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தொகை சிறியது. ஆனால் மாகாண அரசே ஒரு சேலத்து வக்கீலுக்குக் கொடுக்க வேண்டி வந்த பணம் அது. 1882 மே மாதம்தான் வைஸ்ராய் ரிப்பன், இந்தியர்கள் தங்கள் ஊரை ஆளக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டிருந்தார். அதே ஆண்டு நடந்த கலவரத்தை வைத்து, ஊரார் சார்பில் மன்றத்தில் உட்கார்ந்த ஒருவரைச் சென்னை அரசாங்கம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே தள்ளியது. காகிதத்தில் கொடுத்த நம்பிக்கை முதல் நெருக்கடியிலேயே எவ்வளவு தாங்கும் என்பதைச் சேலம் காட்டிவிட்டது. அந்தமானுக்குப் போனவர்களுக்காகவும் விஜயராகவாச்சாரியார் ரிப்பனிடம் முறையிட்டார். தண்டனைக் காலம் முடிவதற்கு முன்பே அவர்கள் விடுதலையானார்கள். 'தென்னாட்டுச் சிங்கம்' என்ற பட்டம் அவருக்கு வந்ததற்குப் பின்னால் இந்த வழக்குகள் இருக்கின்றன.

சேலம் விவகாரம் சென்னையில் பெரும் கொதிப்பை உண்டாக்கியது. 1878-இல் தொடங்கிய 'தி இந்து' ஏடும், 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய 'சுதேசமித்திரன்' ஏடும் கிராண்ட் டஃப் ஆட்சியைக் கேள்வி கேட்கும் இடங்களாயின. 1884-இல் சென்னை மகாஜன சபை பிறந்தது. மறு ஆண்டு காங்கிரஸ். 1920 டிசம்பரில் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியது, ஒரு காலத்தில் கலவரக் கைதியாக நின்ற அதே விஜயராகவாச்சாரியார்தான். தவறான ஆளைப் பிடித்ததால் அரசுக்கு ஏற்பட்ட விளைவு இது. சரியான ஆட்களைப் பிடித்து, இடிந்த மசூதிக்கும் போன உயிர்களுக்கும் நியாயம் செய்து நிறுத்தியிருந்தால், மாகாணம் முழுக்க இந்தக் கோபம் பரவியிருக்காது. எனக்கு இதில் உறுத்தும் விஷயம் இன்னொன்றும் உண்டு. இந்தக் கதையைச் சொல்கிற நாம் எல்லோரும் விஜயராகவாச்சாரியாரின் பெயரோடு முடித்துவிடுகிறோம். அந்த ஆகஸ்டில் வீடிழந்த நெசவாளிகளின், தறிக்காரர்களின், சின்னக் கடைக்காரர்களின் பெயர் ஒன்றுகூட நம் பேச்சில் வருவதில்லை. அரசியல் கட்சி பிறந்த கதை, அடிபட்டவர்களின் கதையை மூடிவிட்டது.

சேலத்தில் எரிந்த கேள்விக்கு உயர் நீதிமன்றம் அதே காலத்தில் நேராகவே பதில் சொன்னது. 1883-இல் வெளியான சுந்தரம் செட்டி வழக்கின் தீர்ப்பு அது. தலைமை நீதிபதி சார்லஸ் டர்னர். தெரு எல்லாருக்கும் பொது. எந்த மதத்தாரும் முறையாக, பிறருக்கு இடைஞ்சல் இல்லாமல், ஊர்வலம் போகலாம். அமைதி கெடும் என்ற நிலையில் மாஜிஸ்திரேட்டு அதைக் கட்டுப்படுத்தலாம். இதுவரை எல்லாருக்கும் தெரிந்தது. அதற்கு அடுத்ததாக அவர் சொன்னதைத்தான் ஒவ்வொரு தாலுகா அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அதிகாரி தன் அதிகாரத்தை உரிமையைக் காக்கப் பயன்படுத்த வேண்டும், அதை நிறுத்தி வைக்கப் பயன்படுத்தக் கூடாது. கலவரம் வரும் என்று அவருக்குத் தெரிந்தால், யாரிடமிருந்து வரும் என்பதும் தெரியாமல் இருக்காது. அவர்களிடம் ஜாமீன் வாங்குவதே அவர் கடமை. இதுதான் தீர்ப்பின் சாரம். சக்கரம் வருவதற்கு முன் கட்டை வைப்பது என்பது இதுதான்.

இதைச் சொல்லி 16 ஆண்டுகள் கழித்துச் சிவகாசி. இங்கே சண்டை மதங்களுக்கு இடையில் இல்லை. வியாபாரத்தில் முன்னேறிய நாடார்கள் கோயிலுக்குள் போகும் உரிமை கேட்டார்கள். அது மற்ற சாதியாருக்குப் பொறுக்கவில்லை. 1895-இல் கழுகுமலையில் ஏற்கனவே ஒரு முன்னோட்டம் நடந்திருந்தது. தேர்வீதியில் யார் ஊர்வலம் போகலாம் என்ற தகராறு பங்குனித் திருவிழாவில் கொலைகளிலும் தீவைப்பிலும் முடிந்தது; எட்டயபுரம் ஜமீனின் மேலாளரும் அதில் இறந்தார். 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள் என்று ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். இரண்டு வருஷம் அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே தெற்கு மாவட்டங்களில் புகைச்சல் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 1899 மே மாதத்திலிருந்து கிராமங்கள் கொள்ளை போகத் தொடங்கின. ஜூன் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் திரண்டு சிவகாசியைத் தாக்கினார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் சாம்பலாயின. ஓர் ஊரைத் தாக்க அத்தனை பேர் திரள்வதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியாத நிர்வாகம் என்ன நிர்வாகம்? ஜூலை நடுவில் ராணுவம் வந்த பிறகே அடங்கியது.

பிறகு எண்ணிக்கை. 1,958 பேர் கைது. 552 பேருக்குத் தண்டனை. அதில் ஏழு பேருக்குத் தூக்கு. கைதானவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் குற்றம் நிரூபணமாகாமல் வெளியே வந்தார்கள் என்று இதை மாற்றிப் படிக்கலாம். அவர்களில் உண்மையான குற்றவாளிகள் தப்பியிருக்கலாம். ஒன்றும் அறியாதவர்கள் மாதக்கணக்கில் லாக்கப்பில் கிடந்தும் இருக்கலாம். மொத்தமாக அள்ளிப் பிடிக்கும்போது இரண்டும் நடக்கும்.

அடுத்து வந்தது தண்டப் போலீஸ். கலவரம் நடந்த ஊரில் கூடுதல் போலீஸை நிறுத்தி, அதன் சம்பளத்தை அந்த ஊரார் தலையிலேயே வரியாகப் போடுவது. அன்றைய ஆட்சிக்கு இது பிடித்தமான கருவி. மலபாரில் மாப்பிள்ளைகள் எழுந்தபோது ஊர் முழுவதற்கும் அபராதம் விதிக்கத் தனிச் சட்டமே இருந்தது. சிவகாசியில் நடந்த கொடுமை என்னவென்றால், எரித்தவர்களோடு எரிக்கப்பட்டவர்களும் இந்த வரியைக் கட்ட வேண்டியிருந்தது. எங்களுக்கு விலக்கு வேண்டும் என்று நாடார்கள் மனு போட்டார்கள். ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கூரை போயிற்று, கடைச் சரக்கு போயிற்று; எரிந்த சுவரைத் தாங்கலாக வைத்துப் பனை ஓலை வேய்ந்துகொண்டிருக்கும்போது, உங்களைக் காக்க நிறுத்திய போலீஸுக்குப் பணம் கட்டுங்கள் என்று சர்க்கார் ஆள் வந்து நிற்கிறான். ஊர் முழுவதையும் ஒரே தலையாக எண்ணுகிற புத்திக்கு அடிபட்டவன் யார், அடித்தவன் யார் என்று பிரித்துப் பார்க்கப் பொறுமை கிடையாது. அதன் சோம்பேறித்தனத்துக்கு விலை கொடுத்தது பாதிக்கப்பட்ட குடும்பங்கள்.

காரணத்துக்கு வருவோம். கோயில் வாசல் திறந்ததா? இல்லை. கலவரத்துக்கு அடுத்த மாதம், 1899 ஜூலையில், கமுதி வழக்கின் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் ஏற்றது. வழக்கம் எதுவோ அதுவே சட்டம் என்று மூன்று படிகளிலும் சொல்லிவிட்டார்கள். கோயில் நுழைவுச் சட்டம் வர 1939 ஆக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூலை 8-இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயரோடு போனவர்களில் தலித்துகளுடன் ஒரு நாடாரும் இருந்தார். நாற்பது வருஷம். ரெபேக்கா கலவரக்காரர்களுக்குச் சுங்கக் கட்டணம் குறையச் சில வருஷம்தான் ஆனது. சொந்த நாட்டில் காரணத்தைக் கேட்கத் தெரிந்த அரசு, இங்கே மட்டும் 'மத விஷயத்தில் தலையிடோம்' என்ற சுவருக்குப் பின்னால் நின்றது. நின்றது என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. நீதிமன்றம் வழக்கத்தைக் காத்தபோது அதுவும் தலையீடுதான். யார் பக்கம் என்பதுதான் வேறுபாடு.

இவையெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியாதபடி, எங்களுக்குப் பக்கத்திலேயே ஒன்று நடந்தது. பெரம்பலூர் மாவட்டத்து வ.களத்தூர். விஜயராகவாச்சாரியார் பிறந்த களத்தூர் வேறு, இது வேறு. ஆனால் கேள்வி அன்றைய சேலத்துக் கேள்வியேதான். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்த ஊரில் 2011 வரை சாமி ஊர்வலங்கள் தெருக்களில் பிரச்சினையில்லாமல் போய் வந்தன. 2012-இலிருந்து ஆட்சேபம் எழுந்தது. அனுமதி, கட்டுப்பாடு, பந்தோபஸ்து, மனு, மறு மனு என்று ஆண்டுகள் போயின. 2021 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் கிருபாகரன், வேல்முருகன் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒரு பகுதியில் ஒரு மதத்தார் அதிகம் என்பதற்காக இன்னொரு மதத்தாரின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது. அப்படித் தடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டால் நாட்டின் பெரும்பகுதியில் சிறுபான்மையினர் எந்த விழாவும் நடத்த முடியாமல் போகும் என்றது. ஊர்வலத்துக்குப் போலீஸ் பாதுகாப்பும் உறுதியாயிற்று.

இந்தத் தீர்ப்பை ஒரு தரப்பு வெற்றியாகக் கொண்டாடியதையும் மறு தரப்பு தோல்வியாக வருந்தியதையும் நான் கேட்டேன். இருவருமே பாதியைத்தான் படித்தார்கள். தெரு பொது என்ற வாதம் பெரும்பான்மையின் கையில் இருக்கும்போது அதிகாரத்தின் குரலாகக் கேட்கும். சிறுபான்மையின் கையில் இருக்கும்போது பாதுகாப்பின் குரலாகக் கேட்கும். இரண்டு இடத்திலும் ஒன்றாக நடக்க வேண்டியது அதிகாரி. தலித்துகளின் சவ ஊர்வலம் ஊர்த் தெருவில் போகக் கூடாது என்று தடுக்கிற இடத்திலும் இதே சட்டம்தான் பேச வேண்டும். அங்கே வாய்மூடி இருந்துவிட்டு இங்கே மட்டும் பேசினால், அது சட்டம் பேசியதாக ஆகாது. இன்னொரு பக்கமும் உண்டு. அடுத்தவர் வழிபாட்டு வாசலில் நின்று வேண்டுமென்றே ஐந்து நிமிடம் கூடுதலாக மேளம் கொட்டுவதற்கும் இந்தத் தீர்ப்புகளில் இடமில்லை. முறையாக என்ற சொல் 1883-லும் இருந்தது.

இப்போது எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட விஷயம் வந்தால் கோட்டாட்சியரோ தாசில்தாரோ இரு தரப்பையும் அழைப்பார். அமைதிப் பேச்சுவார்த்தை என்று பெயர். மேசைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் ஆய்வாளர். டீ வரும். முதலில் உரக்கப் பேசுவார்கள். பிறகு யாராவது ஒரு பெரியவர், 'அண்ணே, நாம மாமன் மச்சானாப் பழகினவங்க, இதுக்குப் போய் கலெக்டர் ஆபீஸ் வரலாமா' என்பார். ஒரு தாளில் எழுதுவார்கள்: இந்தத் தெரு, இத்தனை மணி, இந்த இடத்தில் மேளம் நிறுத்தம், பேனர் கிடையாது. எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். சேலத்தில் கிடைக்காமல் போனது அந்தத் தாள்தான். நூற்றுக்கணக்கான ஊர்களில் ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குக் காரணமும் அந்தத் தாள்தான். அதனால் அது செய்தியாவதில்லை. அதை எழுதிய தாசில்தாருக்கு யாரும் மாலை போடுவதுமில்லை.

அந்தத் தாளில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. முதலாவது, அது ஒரு வருஷத்துக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது. அதிகாரி மாறினால் கோப்பு மூலைக்குப் போகிறது. அடுத்த திருவிழாவுக்கு மறுபடி முதலிலிருந்து பேச்சு. ஒவ்வொரு விழாவும் பரீட்சையானது சேலத்தில் இப்படித்தான். இரண்டாவது, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள். விழாக் கமிட்டியும் ஜமாத்தும் அழைக்கப்படுகின்றன. கலவரம் வந்தால் கூரை எரிகிற தெருக்காரர்கள், கடையை அடைத்துவிட்டு ஓட வேண்டியிருக்கிற பெண்கள், ஊர்வலம் போகும் தெருவில் குடியிருக்கும் காலனிக்காரர்கள் அங்கே இல்லை. அந்தத் தாளின் நகல் ஊராட்சி அலுவலகத்தில் எல்லாரும் படிக்கும்படி ஒட்டப்பட வேண்டும். போன வருஷம் என்ன ஒப்புக்கொண்டோம் என்பதைத் தெருவில் போகிற எந்தப் பாட்டியும் பேரனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்க முடிய வேண்டும். அடுத்த வருஷம் அதில் ஒரு வரி மாறுகிறது என்றால், யார் கேட்டு மாறியது, என்ன காரணம் என்பதும் கீழேயே எழுதப்பட வேண்டும்.